புதன்கிழமை மக்கர் பண்ணும் பிரிண்டர்

காரைக்குடி செக்காலை சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகர் எழுதுகிறார்: "முதல் நாள் ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. புதன்கிழமை காலையில கடை திறந்தா பிரிண்டர் மக்கர் பண்ணுது. ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைக வரிசையில நிக்கிறாக. பேசாம அப்டேட்டையே நிப்பாட்டிரவா?"

கிழமையை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். 2003 முதல் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியிடுகிறது. நமக்கு அது இரவு 10.30, அமெரிக்காவில் குளிர்காலமானால் 11.30. விடிந்தால் புதன். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்பது ஜெராக்ஸ் கடைக்குப் பொருந்தாது போலிருக்கிறது!

பிரிண்டர் ஏன் அடி வாங்குகிறது? விண்டோஸுக்குள் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்றொரு வேலையாள் உண்டு. அச்சுக்குப் போவதை வரிசையில் நிறுத்தி அனுப்புவது அதன் வேலை. சின்ன வேலைதான், ஆனால் கையில் இருப்பதோ உச்ச அதிகாரம்.

எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தார். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் உள்ள வீடு. சாவிக்கொத்து முழுவதும் அந்தப் பெரியவர் இடுப்பில். யார் தட்டினாலும் திறந்துவிடுவார். ஒருநாள் வெண்கலப் பானை ஒன்று காணாமல் போயிற்று. "இனி என்னையக் கேக்காமத் தொறக்கப்படாது" என்றார் அப்பத்தா. மறுநாள் விடியற்காலையில் பால்காரர் பின்வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.

2021-இல் நடந்ததும் இதுதான். பிரிண்டரை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் ஸ்பூலர் உள்ளே விட்டுவிடும் என்று தெரிந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அந்த ஓட்டைக்குப் பெயர். ஆகஸ்டில், நிர்வாகி அனுமதியின்றி பிரிண்டர் டிரைவர் ஏற்றக் கூடாது என்று கெடுபிடி வந்தது. செப்டம்பரில் இன்னொரு ஓட்டைக்காக இன்னொரு தாழ்ப்பாள். ஒரு பிரிண்டரைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்திருந்த இடங்களில் 0x0000011b என்ற பிழை எண் வந்து நின்றது. திருடனோடு பால்காரரும் வெளியே!

இப்படி ஆனால், முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' போதாது; வேகமாகத் திறப்பதற்காக விண்டோஸ் பாதி நினைவை எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து, 'சர்வீசஸ்' பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குங்கள். பிரிண்டரைப் பகிரும் எல்லாக் கணினிகளிலும் அப்டேட் ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால், 'அப்டேட் ஹிஸ்டரி'யில் கே.பி. என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுத் திருத்தம் வரும்வரை அப்டேட்டை 'பாஸ்' (Pause) செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பின் கணினி, வட்டைப் பூட்டி வைக்கும் 'பிட்லாக்கர்' வசதியின் சாவி கேட்டு நின்றால், 48 இலக்க எண் வேண்டும். அதை இன்றே தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வையுங்கள்.

அப்டேட்டை அடியோடு நிறுத்தித் தருவதையே ஒரு சேவையாகச் செய்யும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பால்காரருக்காகக் கதவையே கழற்றி வைக்கும் வேலை அது. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. 59 நாள் அவகாசம் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

செக்காலை நண்பரே, ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் உங்கள் கணினி வழியாகத்தான் போகின்றன. அப்டேட்டை நிறுத்தாதீர்கள். இரண்டாவது செவ்வாய் இரவு அப்டேட் வரும்வரை கடையில் இருந்து, அப்டேட்டை ஏற்றி, ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குங்கள்.