பிழைக்க வந்தவர் போட்ட பாதை

நோர்வேயின் பேர்கன் றெயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய கூலியாட்கள் சாமான் ஏற்றுவதற்கு மலையில் வெட்டிய றோட்டுத்தான் 'றல்லார்வேகன்'. அவர்களிற் பலர் சுவீடனிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொழிற்சாலை லீவில் நாங்கள் நாலு நண்பர்கள் ஹவ்காஸ்தோலிலிருந்து புளோம் வரை, 80 கிலோமீற்றரளவு, ஒரே நாளில் சைக்கிளில் போனோம். 1222 மீற்றர் உயரத்திலுள்ள பின்ச ஸ்ரேசனுக்கு அப்பால் வெறும் கல்லும் பனியும்தான். யூலைக் கடைசியிலும் பனிக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சாப்பாடு, கம்பளிச் சட்டை, ரியூப், பம்ப் எல்லாம் கையோடு வேண்டும். மிர்டாலில் 21 கொண்டையூசி வளைவுகள். பிறேக்கை நம்பாமல் இறங்கி உருட்டுங்கள்.

வேலையும் வீடுமாய் அடைபட்டிருக்கும் எம்மவரே, பிள்ளைகளுடன் பின்ச வரை றெயிலிலாவது போய்ப் பாருங்கள். பிழைக்க வந்தவர் கையால் ஆன பாதையில் எங்களுக்கும் இடமுண்டு.