பாம்பைத் தேடிச் சென்றோம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். அவ்வாறிருக்க, மூன்று மாணவிகள் பாம்பைத் தேடிச் சென்றோம் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். தோழியரே, நாங்கள் அதைப் பிடிக்கவோ அடிக்கவோ செல்லவில்லை. படம் எடுக்கவே சென்றோம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் காலை, சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த ஓர் ஏரிக்கரையில் நடந்தோம். தோழியின் தந்தையும், அவருக்குத் தெரிந்த இருளர் இனப் பெரியவர் ஒருவரும் துணை வந்தனர். பெரியவர் புதரைப் பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்து நடந்தார். புழுதியில் வளைந்து சென்ற தடம், எலி வளை வாயில் வழவழப்பான மண், முள்ளில் சிக்கிய பாம்புச் சட்டை ஆகியவற்றைக் கொண்டே, எந்தப் பாம்பு, எப்போது போனது என்று கூறினார்.

நீர்க்கோலி ஒன்றையும் சாரை ஒன்றையும் படம் எடுத்தோம். பிறகு சருகினிடையே குக்கர் சீறுவது போன்ற ஓசை கேட்டது. கண்ணாடி விரியன்! முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி போன்ற புள்ளிகள். காமிராவுடன் தோழி ஓர் அடி முன்னே வைத்தாள். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "படம் வராட்டி போவுது பாப்பா, நீ வூடு திரும்பணும்ல" என்றார். வெட்கத்துடன் பின்வாங்கினோம்.

இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. ஆயினும் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று எண்ணிப் பலர் அடித்துக் கொல்கின்றனர். பொதுவாகக் கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி, வாலை நோக்கித் தெளிவடையும். வரையனுக்கோ கழுத்தருகே தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். இதை அருகில் சென்று சோதிக்கலாகாது. தூரத்தில் நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். ஒரகடம் சாலையில் வயல்கள் தொழிற்சாலைகளாகவும் வீடுகளாகவும் மாறிவரும் இந்நாளில், எலியைத் தேடிப் பாம்பு நம் வாசலுக்கும் வரலாம். ஆகவே இவ்வறிவு நமக்குத் தேவை.

முற்காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நின்றது. 1978இல் அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்கிவருகிறது. அரசின் அனுமதியுடன் பிடித்த பாம்புகளிலிருந்து நஞ்சை எடுத்து, அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாரிக்கப்படுகிறது. நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

பாம்பு கடித்தால் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108ஐ அழைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மறைக்கல்வி வகுப்பில் ஏவாளை ஏமாற்றிய பாம்பைப் பற்றிப் படிக்கிறோம். பாலைவனத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கியவர்கள் பிழைத்ததையும் அதே விவிலியத்தில் படிக்கிறோம். நஞ்சே மருந்தாவதை அறிந்தபோது எனக்கு அந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வந்தது.

அந்த விரியனின் படம் மங்கலாகவே வந்தது. இருப்பினும் தோழி அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். எங்கே நிற்க வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்பித்த படம் அது!