பட்டமும் ஊதியப் படிநிலையும்: அரசுப் பணியில் கல்வித் தகுதி தளர்த்தப்படுவது குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

அரசுப் பணியில் சேரப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமா என்னும் வினா அண்மைக் காலத்தில் பல நாடுகளில் புதிதாக எழுந்துள்ளது. சிங்கப்பூர் அரசு, தன் ஊழியர்களைக் கல்வித் தகுதியின்படி நான்கு பிரிவுகளாக வகைப்படுத்தி வந்த முறையை 2017ஆம் ஆண்டு ஜனவரியில் கைவிட்டது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2022 மார்ச்சில், ஆயிரக்கணக்கான பதவிகளுக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்றிருந்த நிபந்தனையை நீக்கியது. பென்சில்வேனியாவில் ஜோஷ் ஷப்பிரோ 2023 ஜனவரியில் ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாளே பிறப்பித்த முதல் ஆணை இதைப் பற்றியதுதான். அம்மாநில அரசின் 92 விழுக்காட்டுப் பதவிகளுக்கு, அதாவது சுமார் 65,000 பதவிகளுக்கு, பட்டம் தேவையில்லை என்று அவ்வாணை அறிவித்தது. யூட்டா, அலாஸ்கா முதலிய மாநிலங்களும் இவ்வழியில் சென்றன.

பட்டம் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நம்போன்றோர் இச்செய்திகளைச் சற்றுக் கலக்கத்தோடு படிப்பது இயல்பே. ஆயினும், இவ்வறிவிப்புகள் உண்மையில் எதனை மாற்றுகின்றன என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அரசுப் பணியில் பட்டம் மூவகையாகச் செயற்படுகின்றது. விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் யாவர் என்பதை அது முடிவு செய்கிறது. பணியில் சேர்ந்தவரின் தொடக்க ஊதியத்தை நிர்ணயிக்கிறது. அவர் எத்தனை உயரம் ஏறலாம் என்பதற்கு வரம்பும் கட்டுகிறது. அறிவிப்புகள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே தொடுகின்றன. ஊதியமும் உயர்வும் பழைய முறையிலேயே நிற்குமாயின், வாயிலை மட்டும் திறப்பதால் விளையும் பயன் சிறிதே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பட்டமும் உத்தியோகமும் இணைந்த வரலாறு

அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்னும் பழமொழி, பட்டம் என்பதொன்று தோன்றுவதற்கு முன்பே வழங்கியிருக்க வேண்டும். அந்த உத்தியோகத்திற்குக் கல்விச் சான்றிதழை வழியாக்கியது ஆங்கிலேயர் ஆட்சியே. 1844ஆம் ஆண்டில் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வியில் தேர்ச்சி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரப்படும் என்று அறிவித்தார். 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழகத்தில் பல்கலைக்கழகப் படிப்பும் அரசு வேலையும் ஏறக்குறைய ஒரே வயிற்றில் பிறந்தவை எனலாம்.

1855இல் தொடங்கிய இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் விதிகள் பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அது திறந்த போட்டித் தேர்வு. ஆயினும் அதன் பாடத்திட்டம் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மாணவர்களின் படிப்பை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது. விதியில் எழுதப்படாத பட்டம் வினாத்தாளில் ஒளிந்திருந்தது. 1896 முதல் மலாயா உள்ளிட்ட கீழைநாட்டுப் பயிற்சி அதிகாரிகளும் இதே தேர்வின் வழியாகத் தெரிவு செய்யப்பட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947ஆம் ஆண்டின் டிரஸ்டட் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி, இங்குள்ள அரசுப் பணி நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. பட்டதாரிகள் முதற் பிரிவிலும், தொடக்கக் கல்வியளவில் நின்றோர் நான்காம் பிரிவிலும் அமர்ந்தனர். 2017இல் சிங்கப்பூர் களைந்தது இந்த மரபைத்தான்.

ஆங்கிலேயச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர், 1976இல் வெளியிட்ட நூலில் இதனை ‘சான்றிதழ் நோய்’ என்னும் பொருளில் பெயரிட்டு அழைத்தார். இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்ட அவர், வளர்ச்சியைப் பிந்தித் தொடங்கிய நாடுகளில் இந்நோய் கடுமையாக இருக்கும் என்றார். அத்தகைய நாடுகளில் நல்ல ஊதியம் தரும் வேலைகளில் பெரும்பங்கு அரசிடமே இருப்பதும், அரசு சான்றிதழைப் பார்த்தே ஆள் எடுப்பதும் அவர் காட்டும் காரணங்கள்.

விளம்பரத்தில் நீங்குவதும் அட்டவணையில் நிற்பதும்

அமெரிக்க மத்திய அரசின் அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படும். அங்கு 1944ஆம் ஆண்டிலேயே, போர்வீரர் முன்னுரிமைச் சட்டத்தின் வாயிலாக, அறிவியல், தொழில்நுட்பம், சிறப்புத் தொழில்கள் நீங்கலான பதவிகளுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி விதிப்பது தடை செய்யப்பட்டது. அதாவது 2020களில் மாநிலங்கள் புதுமையாக அறிவித்ததை மத்திய அரசு எட்டுப் பத்தாண்டுகளுக்கு முன்பே சட்டமாக்கியிருந்தது. அப்படியானால் அங்குப் பட்டத்தின் செல்வாக்கு ஏன் குறையவில்லை? விடை ஊதிய அட்டவணையில் இருக்கிறது. பொது ஊதிய அட்டவணையின்படி இளங்கலைப் பட்டதாரி 5ஆம் தரத்திலும், சிறந்த மதிப்பெண் பெற்ற பட்டதாரி 7ஆம் தரத்திலும், முதுகலைப் பட்டதாரி 9ஆம் தரத்திலும், முனைவர் 11ஆம் தரத்திலும் சேரத் தகுதி பெறுகின்றனர். பட்டமில்லாதவர் அதே தரத்தை அடையத் தம் அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் விவரித்து மெய்ப்பிக்க வேண்டும். பட்டதாரி ஒரு தாளை நீட்டினாற் போதும். தெரிவு செய்யும் அலுவலருக்கு எது எளிது என்று சொல்லத் தேவையில்லை.

பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கியதுபோல், முதலாளிக்குப் பட்டம் ஒரு குறிப்பொலி. விண்ணப்பதாரரின் உள்ளாற்றலை நேரில் அறிய இயலாதபோது அதற்கு ஈடாகக் கொள்ளப்படுவது. அரசு அலுவலகத்தில் இதனோடு வேறொன்றும் சேர்கிறது. அங்கு எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் தணிக்கைக்கும் வழக்கிற்கும் உட்பட்டது. ‘இவருக்கு ஏன் கொடுத்தாய், அவருக்கு ஏன் மறுத்தாய்?’ என்னும் கேள்விக்குப் பட்டத்தைக் காட்டுவது போன்ற பாதுகாப்பான பதில் வேறில்லை. கோப்பில் இணைக்கத் தக்க சான்றாக இருப்பதே அதன் உண்மையான வலிமை.

நிபந்தனையை நீக்கியபின் நடப்பதையும் அளந்து பார்த்துள்ளனர். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, பட்ட நிபந்தனையைக் கைவிடும் போக்கினால் உண்மையில் பயன் பெற்ற நியமனங்கள் 700இல் ஒன்றுகூட இல்லை என்று கண்டது. ஆய்வுக்குட்பட்ட நிறுவனங்களுள் 45 விழுக்காடு பெயரளவில் மட்டுமே மாறியிருந்தன. விளம்பரம் மாறியது, எடுக்கப்பட்ட ஆட்கள் மாறவில்லை. இது பெரும்பாலும் தனியார் துறை பற்றியது எனினும், அரசுத் துறை இதனினும் விரைந்து மாறும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

மலேசிய நிலையை நம் வாசகர்கள் நன்கறிவர். 2002 நவம்பரில் நடப்புக்கு வந்த மலேசிய ஊதியத் திட்டத்தில் 41 என்னும் எண் பட்டதாரியையும் 29 என்பது டிப்ளோமா பெற்றவரையும் குறித்தன. ஒருவரின் கல்வியை அவர் வாய் திறக்குமுன்பே சம்பளச் சீட்டு சொல்லிவிடும். 2024 டிசம்பரில் புதிய பொதுச்சேவை ஊதியத் திட்டம் வந்தபோது 41 என்பது 9 ஆகவும், 29 என்பது 5 ஆகவும் மாறின. ஆதரவுப் பிரிவு எனப்பட்டது செயலாக்கப் பிரிவு என்று பெயர் பெற்றது. எண்கள் சிறியவையாயின. ஏணியின் படிகள் கல்வித் தகுதியின் வழியே அமைந்திருப்பதில் மாற்றமில்லை.

இந்தியாவின் முன்னோடி முயற்சி

இவ்விவாதத்தில் இந்தியாவின் பெயர் அரிதாகவே எடுக்கப்படுகிறது. ஆனால் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தேர்ந்த சில துறைகளில் வேலையைப் பட்டத்திலிருந்து பிரிப்பதற்குத் தொடக்கம் செய்யப்படும் என்று வெளிப்படையாக அறிவித்தது. பட்டத்திற்கு மாற்றாகத் தேசிய அளவில் தேர்வுப் பணி அமைப்பொன்றும் முன்மொழியப்பட்டது. அரசுப் பணிகளில் இக்கருத்து வேரூன்றவில்லை.

வேரூன்றியிருந்தால் மட்டும் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் நான்காம் தொகுதித் தேர்வைக் கொண்டு ஊகிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பதவிகளுக்கான அத்தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. பட்டம் கேட்கப்படுவதில்லை. ஆயினும் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் பெருந்திரளாக அதனை எழுதுகின்றனர். பதவிகள் சிலவாகவும் விண்ணப்பங்கள் பல இலட்சமாகவும் இருக்கும் இடத்தில், தகுதியைத் தாழ்த்துவதால் தகுதி குறைந்தோருக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. நீண்டகாலம் படிக்க வசதியுள்ளவரே அங்கும் முந்துகிறார். பென்சில்வேனியாவில் வேலைக்கு ஆள் போதவில்லை. தமிழ்நாட்டில் ஆளுக்கு வேலை போதவில்லை. ஒரே சீர்திருத்தம் இவ்விரு சூழல்களிலும் ஒரே விளைவைத் தராது.

கேடயமும் சுவரும்

சிறுபான்மைச் சமூகத்தவராகிய நமக்கு இவ்வினாவில் தனித்த அக்கறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தின் சமயப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்றோர் மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எட்டியது, தோட்டப் பள்ளியின் தொடக்கக் கல்வி மட்டுமே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்களைப் பள்ளி நடத்தப் பணித்தபோதும், அங்குக் கற்பிக்கக் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அமர்த்தப்படுவது உண்டு. ஒரே மொழியைப் பேசிய இரு கூட்டத்தாரை ஒரு சான்றிதழ் இரு உலகங்களில் நிறுத்தியது.

பரிந்துரைக்க ஆளில்லாதவனுக்காகப் பேசும் ஒரே சாட்சி அவனது பட்டம் என்று நம் பெற்றோர் தலைமுறை நம்பியது. அந்நம்பிக்கை பொய்யன்று. பட்டத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நேர்முக உரையாடலையும் மேலதிகாரியின் மதிப்பீட்டையும் வைத்தால், தோலின் நிறமும் உறவும் அறிமுகமும் உள்ளே நுழைய வழி பிறக்கும். மறுபுறம், அதே சான்றிதழ் சுவராக நின்றதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவில் டியூக் மின்நிறுவனம் தன் பணிகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டதை எதிர்த்துக் கறுப்பினத் தொழிலாளர்கள் தொடுத்த கிரிக்ஸ் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஓர் இனத்தாரை விலக்குமானால் அது சட்டத்திற்கு முரணானது என்று 1971இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அச்சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. போட்டித் தேர்வும் குற்றமற்றதன்று. அமெரிக்க மத்திய அரசு நடத்திய பொதுத் தேர்வொன்று, கறுப்பினத்தாரையும் இசுபானிய வழியினரையும் மிகுதியாக வடிகட்டுகிறது என்ற வழக்கினால் 1981ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது.

ஆகவே, பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்பது போதாது. அதனை நீக்கும் இடத்தில் எது வைக்கப்படும், அதனை யார் மதிப்பிடுவார், மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பனவற்றிற்கு விடை தராத எந்த அறிவிப்பையும் சிறுபான்மையினர் ஐயத்துடன் அணுகுவதே முறை.

தமிழாசிரியர் நிலை

1986ஆம் ஆண்டின் இந்தியக் கொள்கை ஒரு விலக்கையும் வைத்திருந்தது. மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றோடு ஆசிரியப் பணிக்கும் இப்பிரிப்பு பொருந்தாது என்பது அது. இவ்விலக்கு சரியானதே என்பது என் துணிபு. கோப்பு நகர்த்தும் அலுவலருக்கு வரலாற்றுப் பட்டம் அலங்காரமாக இருக்கலாம். தமிழாசிரியருக்கு இலக்கணமும் இலக்கியமும் அன்றாடக் கருவிகள். புணர்ச்சி அறியாதவர் மாணவரின் பிழையைத் திருத்த இயலாது.

ஆனால் ஊதிய அட்டவணை கேட்பது இந்த அறிவையா, பட்டத்தையா என்பதே சிக்கல். சிங்கப்பூர் 2015ஆம் ஆண்டில் பட்டதாரி ஆசிரியர், பட்டதாரியல்லாத ஆசிரியர் என்ற இரு பணித்திட்டங்களை ஒன்றாக்கியது. தொடக்க ஊதியத்தில் தகுதிக்கேற்ற வேறுபாடு நீடித்தாலும், டிப்ளோமா பெற்ற ஆசிரியர் தம் பணித்திறனால் அதே ஏணியில் ஏற வழி பிறந்தது. மேலே கூறிய மூன்றில் வரம்பைத் தொட்ட சீர்திருத்தம் இது. அமெரிக்க மாநிலங்களின் ஆணைகளைவிட ஆரவாரம் குறைந்தது; ஆழம் மிகுந்தது என்பேன்.

மலேசியாவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. ஏணியை ஒன்றாக்குவதற்குப் பதிலாக ஆசிரியர்களைப் பட்டதாரிகளாக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பல்லாண்டு அனுபவமுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் வகுப்புகளுக்கு வந்து, பட்டம் பெற்று, 29இலிருந்து 41க்கு உயர்ந்தனர். அத்தகையோருக்குக் கற்பித்த அனுபவம் எனக்கும் உண்டு. அவர்களுள் சிலர் எந்தப் பாடத்திலும் எனக்குப் புதிதாகச் சொல்லவல்ல புலமையுடையோர். வேறு சிலர் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட வந்தவர்கள். இருசாராருக்கும் இறுதியில் கிடைத்த ஊதிய உயர்வு ஒன்றே. அட்டவணை இவர்களை வேறுபடுத்தி அறியாது.

இங்கு நம் துறைகளின் நலன் குறுக்கிடுவதை மறைத்துப் பயனில்லை. இந்தியவியல், தமிழியல் துறைகளின் மாணவர் எண்ணிக்கையில் கணிசமான பங்கு இந்த ஊதிய ஏற்றத்தை நாடி வந்தது. பணியிலிருக்கும் ஆசிரியர் தம் மொழியறிவையும் கற்பித்தல் திறனையும் முறையான மதிப்பீட்டின் வழி மெய்ப்பித்து, பட்டமின்றியே அதே தரத்தை எய்தலாம் என்றொரு வழி நாளை திறக்கப்படலாம். அது நியாயமான வழி. நான் அதனை ஆதரிப்பேன். அம்மதிப்பீட்டுக்கான அளவுகோலை வகுக்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளிடம் இருக்க வேண்டுமேயன்றி, தமிழறியாத நிருவாகப் பிரிவிடம் இருத்தல் கூடாது. அவ்வழி திறந்தபின், ஊதியத்திற்காக அன்றித் தொல்காப்பியத்தையும் சங்க இலக்கியத்தையும் கற்கவே நம் வகுப்புக்கு வருவோர் எத்தனை பேர் எஞ்சுவர் என்பதை ஒவ்வொரு துறையும் தன் மாணவர் பதிவேட்டை வைத்து இப்போதே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.