மிதிவண்டியின் கிராங்கும் அச்சும்

பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தத்திற்கு நூற்கட்டோ காய்கறி மூட்டையோ ஏற்றிச் செல்லும் அங்கத்தினருக்கு, நடுவழியில் கிராங்கு கழன்றால் அன்றைய வருவாய் போயிற்று. 1949இல் தொடங்கப்பெற்ற சென்னை டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு வண்டிகளில், கிராங்கை அச்சுடன் பிணைப்பது காட்டர் பின் என்னும் சிறு ஆப்பேயாகும். மிதிக்குந்தோறும் ‘டக்’கென்று ஒலித்தால் பலர் கிராங்கையே மாற்றிவிடுகின்றனர், முதலில் ஆப்பைப் பார்த்தல் வேண்டும். அதன் சரிந்த முகம் அச்சின் வெட்டில் முழுதும் படியவேண்டும். கிராங்கின் அடியில் முட்டுக்கொடுத்து, ஆப்பைச் சுத்தியலால் இறக்கிய பின்னரே நட்டை முறுக்குக. நட்டினாலேயே இழுத்தால் புரி அறுந்துபோகும். சில நாள் ஓட்டியபின் மீண்டும் தட்டி முறுக்குதல் அவசியம். தளர்ந்த ஆப்புடன் ஓட்டுவோர் அச்சையும் கிராங்கின் துளையையும் சேர்த்தே இழப்பர்.

புதிதாக வாங்குவோர் முலாமின் பளபளப்பைக் கண்டு மயங்குதல் கூடாது. கடைக்காரர் முதலில் காட்டுவதும் அதைத்தான். அச்சிலும் கிண்ணத்திலும் குண்டுகள் ஓடும் தடத்தை நகத்தால் தடவிப் பார்க்கவும். பழைய வண்டியில் அங்கே குழி தட்டுப்பட்டால் அச்சு, கிண்ணம், குண்டு மூன்றையும் ஒருங்கே மாற்றுக.