டயப்பர், பீர், பன்னிரண்டு லட்சம் பில்

டேட்டா மைனிங் பாடம் நடக்கும் வகுப்பில் முதல் வாரத்துக்குள் ஒரு கதை வந்துவிடும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு டயப்பர் வாங்க வரும் இளம் தகப்பன்கள் கையோடு பீரும் எடுத்துப் போகிறார்களாம். கணினி இதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கடைக்காரர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைக்க, விற்பனை எகிறிவிட்டதாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘டேட்டா வேர்ஹவுசிங் அண்ட் டேட்டா மைனிங்’ தாளை எழுதிவிட்டு வந்த பொறியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். தாளில் மற்றதெல்லாம் மறந்திருக்கும், இந்தக் கதை மட்டும் நினைவிருக்கும்.

கதையில் பாதிதான் நிஜம். 1992-இல் ஆஸ்கோ டிரக் என்ற மருந்துக்கடைச் சங்கிலிக்காக, டெராடேட்டா நிறுவனத்தின் தாமஸ் பிளிஷாக் தலைமையிலான குழு சுமார் 25 கடைகளின் 12 லட்சம் பில்களை அலசியது. மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை டயப்பரும் பீரும் ஒரே பில்லில் சேர்ந்து வருவது தெரிந்தது. அவ்வளவுதான். இளம் தகப்பன், வெள்ளிக்கிழமை எல்லாம் பின்னால் சேர்த்த மசாலா. பீரை டயப்பர் பக்கம் யாரும் நகர்த்தவும் இல்லை.

கதை சொல்கிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. 12 லட்சம் பில்களும் ஒரே இடத்தில், ஒரே அச்சில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தனவே, அது எப்படி? என்னைக் கேட்டால், பீரைவிட அதுதான் பெரிய சமாச்சாரம்.

பில் போடும் கணினிக்கு ஒரே ஒரு வேலை. பார்கோடைக் காட்டியதும் விலை வர வேண்டும், இருப்பில் ஒன்று குறைய வேண்டும், வரிசை நகர வேண்டும். அந்தக் கணினியிடம் போய், ‘கடந்த ஐந்து வருடத்தில் மழைக்காலத்தில் எந்த ஊரில் எந்த சோப்பு அதிகம் விற்றது?’ என்று கேட்பது, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பவரை நிறுத்தி, போன வருடக் கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி செலவானது என்று கேட்பது மாதிரி. பதில் வராது, பந்தியும் நின்றுவிடும். அதனால்தான் அன்றாட வரவு செலவுக்கு ஒரு தரவுதளம், யோசிப்பதற்கு வேறொன்று என்று பிரித்தார்கள். இந்த இரண்டாவதுதான் தரவுக் கிடங்கு, அதாவது டேட்டா வேர்ஹவுஸ். ஐபிஎம் நிறுவனத்தின் பேரி டெவ்லின், பால் மர்பி இருவரும் 1988-இல் இந்த அமைப்பை ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். 1992-இல் பில் இன்மன் எழுதிய புத்தகம் தரவுக் கிடங்குக்கு நான்கு குணங்களைச் சொன்னது: துறைவாரியாக இல்லாமல் வாடிக்கையாளர், சரக்கு, விற்பனை என்று பொருள்வாரியாகத் தொகுத்திருக்க வேண்டும். பல இடங்களிலிருந்து வந்தது ஒரே சீராக இருக்க வேண்டும். காலத்தின் தடம் இருக்க வேண்டும். உள்ளே போனதை அழித்து எழுதக் கூடாது.

படிக்கும்போது நான்கும் சாதாரணமாகத்தான் தெரியும். இரண்டாவதை மட்டும் செய்து பார்க்கப் புகுந்தால் தெரியும் சங்கதி. லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? இன்ஷியல் ஒரு கிளையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கணினி தேதியை நாள்-மாதம் என்று எழுதும், இன்னொன்று மாதம்-நாள் என்று எழுதும். 3-4 என்றால் மார்ச்சா, ஏப்ரலா? ஒரு கடை எண்ணெயை லிட்டரில் கணக்கு வைத்திருக்கும், மற்றொன்று பாக்கெட்டில். இவற்றை எடுத்து, மாற்றி, கிடங்கில் ஏற்றும் வேலைக்கு ஈ.டி.எல். என்று பெயர். டேட்டா திட்டங்களில் பெரும்பகுதி நேரத்தைத் தின்பது இந்த வேலைதான். வெளியே யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

காலத்தின் தடம் ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானது. அந்த ஆண்டிலேயே விழுப்புரம், வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்களும் பிரிந்தன. 32 ஆக இருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள் 37 ஆகி, 2020-இல் மயிலாடுதுறையோடு 38 ஆயின. இப்போது ஒரு நிறுவனம் மாவட்டவாரியாக விற்பனையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-ஐயும் 2020-ஐயும் அப்படியே ஒப்பிட்டால் திருநெல்வேலியில் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தெரியும். ஒரு கடைகூட மூடியிருக்காது, ஒரு வாடிக்கையாளர்கூடப் போயிருக்க மாட்டார். தென்காசிக் கடைகளின் விலாசத்தில் ‘தென்காசி மாவட்டம்’ என்று பழையதை அழித்து எழுதினால் ஒரு தப்பு, எழுதாமல் விட்டால் வேறு தப்பு. கிடங்கில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பழைய வரியை அப்படியே விட்டு, ‘இது இந்தத் தேதி வரை செல்லும்’ என்று குறித்து, புதிய வரியைச் சேர்ப்பார்கள். பிறகு அன்றைய எல்லைப்படியும் கேட்கலாம், இன்றைய எல்லைப்படியும் கேட்கலாம். இந்த உத்தியைப் பரப்பியவர் ரால்ஃப் கிம்பல். நடுவில் விற்பனை எண்கள் அடங்கிய ஒரு பெரிய அட்டவணை, அதைச் சுற்றி தேதி, கடை, பொருள், வாடிக்கையாளர் என்று சின்ன அட்டவணைகள். பார்வைக்கு நட்சத்திரம் போல இருப்பதால் ஸ்டார் ஸ்கீமா என்று சொல்லப்படும் இந்த அமைப்பையும் 1996-இல் வந்த அவருடைய புத்தகம்தான் பரவலாக்கியது. நிறுவனம் முழுவதற்கும் முதலில் ஒரே கிடங்கு கட்டு என்பது இன்மன் கட்சி. துறைக்குத் துறை சிறியதாகக் கட்டி இணைத்துக்கொண்டே போ என்பது கிம்பல் கட்சி. இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றன. நடைமுறையில் பலரும் இரண்டையும் கலந்தே கட்டுகிறார்கள்.

கிடங்கு தயார். இனி அகழ்வுக்கு, அதாவது டேட்டா மைனிங்குக்கு வரலாம். ஆஸ்கோவில் நடந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே எவை எவற்றோடு சேர்ந்து விற்கின்றன என்று மனிதர்கள்தான் தரவுதளத்தில் கேள்வி எழுதித் தேடினார்கள். இந்த வேலையைக் கணினியே ஒழுங்காகச் செய்வதற்கான வழிமுறை அடுத்த ஆண்டுதான் வெளியானது. ஐபிஎம்மின் அல்மடென் ஆய்வகத்திலிருந்து ராகேஷ் அகர்வால், தோமாஷ் இமியெலின்ஸ்கி, அருண் சுவாமி மூவரும் 1993-இல் எழுதிய கட்டுரை அது. 1994-இல் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் அதை வேகமாக்கி ‘அப்ரியோரி’ என்ற வழிமுறையைத் தந்தார்கள். உலகின் மிகப் பிரபலமான டேட்டா மைனிங் கதை, டேட்டா மைனிங்கின் மிகப் பிரபலமான வழிமுறைக்கு மூத்தது!

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று கற்பனையாக ஒரு 1,000 பில்லை வைத்துப் பார்ப்போம். 40 பில்லில் டயப்பர், 100 பில்லில் பீர், இரண்டும் சேர்ந்து 12 பில்லில். மொத்தத்தில் சேர்ந்து வருவது 1.2 சதவீதம், இது சப்போர்ட். டயப்பர் வாங்கியவர்களில் பீரும் வாங்கியவர்கள் 40-க்கு 12, அதாவது 30 சதவீதம். இது கான்ஃபிடென்ஸ். பொதுவாக வருகிறவர்களில் பீர் வாங்குவது 10 சதவீதம்தான். ஆக டயப்பர்க்காரர்கள் மூன்று மடங்கு அதிகமாக வாங்குகிறார்கள். இந்த மூன்றுதான் லிஃப்ட்.

லிஃப்ட் இல்லாவிட்டால் ஏமாந்துபோவோம். அதே 1,000 பில்லில் ரொட்டி 200, பால் 600, இரண்டும் சேர்ந்து 120 என்று இருக்கட்டும். ரொட்டி வாங்குவோரில் 60 சதவீதம் பேர் பாலும் வாங்குகிறார்கள். ஆகா என்று தோன்றும். ஆனால் ரொட்டி வாங்காதவர்களிலும் 60 சதவீதம் பேர் பால் வாங்கத்தான் செய்கிறார்கள். லிஃப்ட் வெறும் 1. கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

கணினிக்கு இதில் என்ன கஷ்டம்? எண்ணிக்கைதான். 10,000 பொருள் விற்கும் கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். மூன்று மூன்றாக என்றால் 16,600 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கப் புகுந்தால் கடை மூடும்வரை முடியாது. அப்ரியோரியின் யோசனை பாட்டிக்குக்கூடப் புரியும்: ஏலக்காயே எப்போதோ ஒரு பில்லில்தான் வருகிறது என்றால், ஏலக்காயும் முந்திரியும் சேர்ந்து அடிக்கடி வருமா என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அடிக்கடி வராததை முதல் சுற்றிலேயே தள்ளிவிடு. தேறிய தனிப் பொருள்களிலிருந்து ஜோடி, தேறிய ஜோடிகளிலிருந்து மூன்று என்று மேலே போ. இவ்வளவுதான் விஷயம்.

இங்கேதான் ஆபத்தும் ஆரம்பிக்கிறது. இருபதில் ஒரு தடவை தற்செயலாகவே தேறிவிடக்கூடிய ஒரு சோதனையை 5 கோடி ஜோடிகளுக்கும் வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 25 லட்சம் ஜோடிகள் ‘தொடர்பு உண்டு’ என்று கையைத் தூக்கும். பங்குச்சந்தை ஆய்வாளர் டேவிட் லைன்வெபர் 1990-களில் இதைக் கேலியாகவே செய்து காட்டினார். ஐ.நா. வெளியிட்ட உலகப் புள்ளிவிவரங்களைத் துழாவி, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தோடு மிக நன்றாக ஒத்துப்போகும் எண் எது என்று தேடினார். கிடைத்தது, வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி! குறியீட்டின் மாறுபாட்டில் 75 சதவீதத்தை அது ஒன்றே ‘விளக்கியது’. அமெரிக்கப் பாலாடைக்கட்டி உற்பத்தியையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்ததும் 99 சதவீதம் பொருந்தியது. இதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளாமல், அந்த வெண்ணெய்க் கணக்கு எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டவர்களும் உண்டு.

இதற்குத் தடுப்பு, தரவைப் பிரித்து வைப்பது. ஒரு பகுதியில் தோண்டு, கிடைத்ததை நீ பார்க்காத இன்னொரு பகுதியில் சோதி. வெண்ணெய் அங்கே உருகிவிடும். வால்மார்ட்டுக்கு இந்தச் சோதனையை இயற்கையே வைத்தது. 2004 ஆகஸ்டில் ஃபுளோரிடாவைச் சார்லி சூறாவளி தாக்கியது. சில வாரங்களில் ஃபிரான்சிஸ் என்ற அடுத்த சூறாவளி வந்துகொண்டிருந்தபோது, நிறுவனத்தின் தகவல் பிரிவுத் தலைவர் லிண்டா டில்மன், சார்லி சமயத்து விற்பனையைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். அப்போது அந்த நிறுவனத்தின் கிடங்கில் 460 டெராபைட் தரவு இருந்தது. டார்ச் லைட், தண்ணீர் என்று யாரும் ஊகிக்கக்கூடியவை ஒருபுறம் இருக்க, ஸ்ட்ராபெரி பாப்-டார்ட்ஸ் என்ற இனிப்புப் பலகாரம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. புயலுக்கு முன்னால் மிக அதிகம் விற்ற சரக்கு எது? இங்கேயும் பீர்தான். லாரிகள் ஃபுளோரிடாவை நோக்கிக் கிளம்பின, அனுப்பிய சரக்கில் பெரும்பாலானவை விற்றுத் தீர்ந்தன. அடுப்பு வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், குழந்தைகளும் சாப்பிடும் என்று காரணம் நமக்கு இப்போது தோன்றுகிறது. காரணம் எதுவென்று கிடங்கு சொல்லவில்லை.

சேர்ந்து வருவதைத் தேடுவது அகழ்வில் ஒரு வகை மட்டுமே. பழைய கடன்களைப் பார்த்துப் புதிய விண்ணப்பத்தை வகைப்படுத்துவது இன்னொன்று. 1990-களில் பாலோமர் வானியல் புகைப்படங்களில் மங்கிய புள்ளி நட்சத்திரமா, விண்மீன் மண்டலமா என்று பிரித்தறியப் பயன்பட்டதும் இதே வகைதான். முன்கூட்டிப் பெயர் வைக்காமல், ஒரே மாதிரி இருப்பவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்ப்பது மற்றொன்று. காலையில் சென்னையில் தேய்த்த கார்டு, அரை மணி நேரத்தில் துபாயிலும் தேய்க்கப்பட்டால் வங்கியிலிருந்து போன் வருகிறதே, அது கூட்டத்தில் ஒட்டாததைத் தேடும் வகை.

கல்லாவில் நம் கைப்பேசி எண்ணை ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லும் தனித்தனி. எண் இருந்தால், ஜனவரியில் வாங்கியவரும் ஜூனில் வாங்கியவரும் ஒருவர்தான் என்று கிடங்குக்குத் தெரியும். எண்ணைக் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாதென்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்கென்று சொல்லி ஒப்புதல் வாங்கினார்களோ அந்தக் காரியத்துக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. எதையோ தேடப்போய் வேறெதையோ கண்டுபிடிப்பதுதான் அகழ்வின் இயல்பே. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டால் போதாதா? 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குத் தந்தது. ஆளைப் பற்றிய விவரங்களில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை மிச்சம் இருந்தன. எம்ஐடி மாணவி லடான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் இணைத்தார், எந்தக் கிடங்கிலும் தினமும் நடக்கும் இணைப்புதான். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர் மட்டுமே. ஆளுநரின் மருத்துவக் குறிப்புகள் ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டன. இந்த மூன்று விவரங்களே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று 2000-இல் அவர் கணக்கிட்டார். அந்நாட்டு மருத்துவத் தனியுரிமை விதிப்படி இன்று பெயர் நீக்கித் தரும் பட்டியலில், பிறந்த தேதிக்குப் பதில் ஆண்டு மட்டும் இருக்கும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டில் முதல் மூன்று இலக்கம் மட்டும் இருக்கும், அதுவும் அந்தப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் வசித்தால்தான்.