துணைவினைகளும் மொழிபெயர்ப்பும்: இந்தி - தமிழ் ஒப்புநோக்கு

1. இரு வினை, ஒரு செயல்

இந்திய மொழிகள் பலவற்றில் இரு வினைகள் அடுத்தடுத்து நின்று ஒரே செயலைக் குறிப்பது பொதுவான இயல்பாகும். தெற்காசியாவை ஒரு மொழியியல் பரப்பாக ஆராய்ந்து கொலின் மசிக்கா 1976இல் வெளியிட்ட நூல் இவ்வியல்பையும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்கிறது. தமிழில் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தின் பின்னும், இந்தியில் வினையடியின் பின்னும் துணைவினை வருகிறது. அது தன் சொற்பொருளைப் பெரிதும் இழந்து, செயலின் முடிவு, பயன், நோக்கம், பேசுவோர் மனப்பாங்கு ஆகியவற்றை உணர்த்துகிறது.

தமிழில் 'கடிதத்தை எழுதிப் பெட்டியில் போட்டான்' என்பதில் இரு செயல்கள் உள்ளன. இடையே பிறசொல் வரலாம். 'கடிதத்தை எழுதிவிட்டான்' என்பதில் செயல் ஒன்றே. 'எழுதி', 'விட்டான்' என்பவற்றின் இடையே பிறசொல் புகுவது இயல்பன்று. துணைவினையை இனங்காண இச்சோதனை பயன்படும்.

2. நேர்ச்சொல் தரும் மயக்கம்

இந்தியின் 'லேனா', 'தேனா', 'ஜானா' ஆகியவை முதல்வினையாக வரும்போது முறையே கொள், கொடு, போ என்பவற்றுக்கு நேராகும். துணைவினையாக வரும்போது இந்நேர்மை நிலைப்பதில்லை.

(1) 'மர் கயா' - இறந்துபோனான்
(2) 'பைட் கயா' - உட்கார்ந்துகொண்டான்
(3) 'லிக் லியா' - எழுதிக்கொண்டான்
(4) 'கா லியா' - சாப்பிட்டுவிட்டான்
(5) 'ரோ தியா' - அழுதுவிட்டான்

(1), (3) ஆகியவற்றில் சொல்லும் பொருளும் ஒத்துச் செல்கின்றன. ஏனையவற்றில் 'உட்கார்ந்துபோனான்', 'சாப்பிட்டுக்கொண்டான்', 'அழுதுகொடுத்தான்' எனப் பெயர்த்தால் தமிழ் வழக்குச் சிதையும். ஆகவே ஒப்பிட வேண்டுவது துணைவினையின் வடிவத்தை அன்று. அத்தொடரில் அது ஆற்றும் பணியை.

3. பயன் பெறுவோர் யார்?

'லிக் தியா' என்னும் இந்தித் தொடர் 'எழுதிவிட்டான்' என்றும் 'எழுதிக்கொடுத்தான்' என்றும் இருவகையாகப் பெயர்க்க இடந்தருகிறது. முன்னது செயல் முடிந்ததை மட்டும் கூறும்; பின்னது பெறுவோர் ஒருவர் உண்டு என்பதையும் கூறும். சொத்து பற்றிய எழுத்துகளில் இவ்வேறுபாடு உரிமையையே தொடுகிறது.

(6) பத்திரத்தை எழுதிவிட்டார்
(7) நிலத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்தார்
(8) நிலத்தைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டார்
(9) வீட்டை மகளுக்கு எழுதிவைத்தார்

நான்கிலும் முதல்வினை 'எழுது' என்பதே. (6) பத்திர எழுத்தர் ஒருவரின் பணி முடிந்ததையும் குறிக்கலாம். (7) உரிமை பிறருக்குச் சென்றதையும், (8) தமக்கே வந்ததையும் உணர்த்துகின்றன. (9) பிற்காலத்தை எண்ணிச் செய்த ஏற்பாட்டைக் குறிக்கிறது. உயில் பற்றிப் பேசும்போது வழக்கில் பெரிதும் கேட்கப்படுவது இதுவே. துணைவினையை மிகைச்சொல்லாகக் கருதி 'எழுதினார்' என்று சுருக்கினால் இவ்வேறுபாடுகள் யாவும் மறையும்.

4. எதிர்மறையில் துணைவினை

'இறந்துவிட்டார்' என்பதன் இயல்பான எதிர்மறை 'இறக்கவில்லை' என்பதாகும், துணைவினை நீங்குகிறது. இந்தியிலும் எதிர்மறைத் தொடர்களில் தனிவினை வருவதே பெரும்பான்மை. 'இறந்துவிடவில்லை' எனத் துணைவினை நிலைத்து நின்றால், முன்னரே ஒருவர் கொண்ட எண்ணமோ அச்சமோ மறுக்கப்படுகிறது.

ஏவலில் இந்நுட்பம் மேலும் தெளிவாகும். 'சொல்லாதே' என்பது விலக்கு. 'சொல்லிவிடாதே' என்பது தவறியும் அவ்வாறு நேரக்கூடாது என்னும் எச்சரிக்கை. 'மறந்துவிடாதே' என்பதற்கு இந்தியில் 'பூல் மத் ஜானா' எனத் துணைவினையோடு கூடிய தொடரே பொருந்துகிறது. இங்கு 'விடு' என்பதன் இடத்தில் 'ஜானா' நிற்பது கருதத்தக்கது.

5. முடிவுரை

மொழிபெயர்ப்பாளர் துணைவினையைக் காணுமிடத்து மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: செயல் முடிந்ததா? அதன் பயன் யாரைச் சேர்ந்தது? பேசுவோர் அதனை எவ்வாறு நோக்குகிறார்? இவற்றுக்கு விடை கண்டபின் இலக்கு மொழியின் துணைவினையைத் தேர்வதே முறை. இருமொழி அகராதிகளும் துணைவினைப் பொருளை முதல்வினைப் பதிவின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்க்காமல், எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் தனிப்பதிவாகத் தருதல் மொழிபெயர்ப்புக்குப் பெருந்துணையாகும்.