விளக்கு மங்கினால் பாட்டரியைத் திட்டாதீர்கள்!

பெங்களூரிலிருந்து கோலார், முல்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூருக்கும், அங்கிருந்து வேலூர், ஆற்காடு பக்கம் சொந்த ஊருக்கும் போகிற தமிழர்களுக்குப் பங்காருபாளையம் பழகிய பெயர். கிருஷ்ணகிரி வழியாக அகலமான சாலை வந்த பிறகு சென்னைக்குப் போகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் பழைய சாலையில் போக்குவரத்து ஓயவில்லை. மாம்பழக் காலத்தில் லாரிகள் இரவு பகலாக ஓடும். பலமனேர் மேட்டுநிலத்திலிருந்து மொகிலி மலைப்பாதையில் இறங்கினால்தான் பங்காருபாளையம். வளைவும் சரிவும் உள்ள அந்த இறக்கத்தில் இரவு நேரத்தில், அதிலும் மழை பெய்யும்போது, டிரைவருக்குத் துணை மூன்றே பொருள்கள்: விளக்கு, வைப்பர், ஹார்ன்.

இந்த மூன்றும் ஒரே சமயத்தில் சோர்ந்து போனால்?

பழைய அம்பாசிடரோ, பத்மினியோ, ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று பழைய வண்டியை வாங்கிப் போட்ட குமாஸ்தாவும் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் வயதான வண்டிதான். வயதான வண்டியில் மின்சாரக் கோளாறு வந்தால் கடையில் முதலில் காதில் விழுகிற வார்த்தை, "பாட்டரி போச்சு அண்ணே" என்பது. பாட்டரி மாற்றுவார்கள். சரியாகாது. பல்பு மாற்றுவார்கள். அதற்கும் மசியாது. டைனமோவைக் கழற்றுவார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கரைந்த பிறகும் மழை வந்தால் வைப்பர் பழையபடியே முனகும்.

கோளாறு பல நேரங்களில் ஒரு போல்ட்டில்தான் இருக்கும்.

திரும்பி வருகிற வழி

வீட்டு விளக்குக்கு இரண்டு ஒயர் வருகிறது. காரில் பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டரியிலிருந்து சுவிட்ச், ஃப்யூஸ் வழியாக மின்சாரம் பல்புக்குப் போகிறது. பல்பிலிருந்து திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது; வண்டியின் இரும்பு உடம்பே வழி. பல்பையோ மீட்டரையோ இரும்போடு சேர்க்கிற இணைப்பைத்தான் ஒயரிங் கடையில் 'எர்த்' என்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு கறுப்பு ஒயர், அதன் முனையில் ஒரு வளையம், வளையத்தை இரும்போடு இறுக்குகிற ஒரு போல்ட். பார்த்தால் அற்பமாகத்தான் இருக்கும்.

அந்தப் போல்ட்டின் அடியில் துரு ஏறினால், அல்லது செம்பு ஒயரில் பச்சைக் களிம்பு பிடித்தால், போன மின்சாரம் திரும்ப முடியாமல் திணறும். கணக்குப் பார்த்தால் பயமே வரும். 60 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கின்றன. அவற்றின் எர்த்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். இழை எரிகிற பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். மலை இறக்கத்தில் அந்த நாலில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குள்தான் எதிரே பழுதாகி நிற்கிற லாரியின் பின்புறம் இருக்கும்.

ஹெட்லைட்டின் எர்த் முன்பக்கம் விளக்கருகே இருப்பது வழக்கம். அதை எட்டுவது சுலபம். எல்லோரும் மறந்துவிடுவது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதைத்தான். மீட்டர்கள், மீட்டர் விளக்குகள், பல வண்டிகளில் வைப்பர் மோட்டார் ஆகியவற்றின் எர்த் அங்கேதான் சேருகிறது. அங்கே துரு ஏறுவதற்கும் காரணம் இருக்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்ததும், மழைத்தண்ணீர் உள்பக்கமாக ஒழுகி நேரே அந்தப் போல்ட்டுகளின் மேல்தான் சொட்டும். வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னொரு வினை: பெயின்ட் மின்சாரத்தை விடாது. அழகுக்காக அடித்த பெயின்ட் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்துகொள்ளும்.

அடையாளம் என்ன?

ஒரு பல்பு மட்டும் எரியாவிட்டால் அது பல்பின் குற்றமாக இருக்கலாம். சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பொருள்கள் ஒன்றாகக் கூத்தடித்தால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டும். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் அசையும். மின்சாரம் தன் வழி அடைபட்டதும் பக்கத்துப் பல்பின் இழை வழியாக வெளியேறப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம்.

பிரிட்டிஷ் வழி வந்த பல பழைய கார்களில் மீட்டர்களுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு சிறிய டப்பி இருக்கும். அதன் உடம்பு சரியாக எர்த் ஆகாவிட்டால் பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். டாங்கில் கால்வாசி இருக்க, முள் அரைவாசி என்று சாதிக்கும். நடுராத்திரியில் மொகிலி அருகே வண்டி நின்ற பிறகுதான் உண்மை தெரியும்.

இதைவிட ஆபத்தானது எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற தடித்த எர்த் பட்டை அறுந்துபோவது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற பெரும் மின்சாரம் அப்போது வேறு வழி தேடும். சோக் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ அகப்பட்டால் அதன் வழியே பாயும். கேபிள் பழுக்கச் சூடேறி, பக்கத்து ஒயர்களின் உறை உருகும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் குமிழ் சுட்டால் அன்றைய பயணத்தை நிறுத்திவிடுவது நல்லது.

கையை நுழைக்குமுன்

முதல் வேலை, பாட்டரியில் பாடியோடு சேர்ந்திருக்கிற முனையைக் கழற்றுவது. பெரும்பாலான வண்டிகளில் அது நெகட்டிவ். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடிக்குப் போகும். கண்ணால் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும். மோதிரம், இரும்புப் பட்டை கடிகாரம் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவது உத்தமம். மீட்டருக்குப் பின்னே மின்சாரம் உள்ள முனையிலும் இரும்பிலும் ஒரே நேரத்தில் மோதிரம் பட்டால் விரல் வெந்துவிடும்.

பிறகுதான் வித்தை. சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு, தலையைப் பெடல் அருகே வைத்து மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே சாமான் தட்டு இருந்தால் அதைக் கழற்றினால் பாதி வழி திறக்கும். ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பின்பக்கம் கையால் திருகிக் கழற்றினால் மீட்டர் பலகையைச் சற்று முன்னே இழுக்கலாம். பலகையைப் பலமாக இழுக்கக் கூடாது. முப்பது நாற்பது வருடத்து ஒயர் முறுக்குப் போல ஒடியும். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். அல்லது ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டலாம். கறுப்பு ஒயர்தான் எர்த் என்பது அசல் வண்டிக்குப் பொருந்தும். பல கை மாறிய வண்டியில் கையில் கிடைத்த கலரைப் போட்டிருப்பார்கள்.

போல்ட்டைக் கழற்றியதும் வளையத்தின் இரு பக்கமும், அது உட்காருகிற இரும்பும் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். புளி போட்டுத் தேய்க்கிற வழக்கம் பித்தளைக் குடத்துக்குச் சரி, இங்கே வேண்டாம். மிஞ்சுகிற புளிப்பு மறுபடி களிம்பைக் கூட்டும். வளையத்தின் கழுத்தில் ஒயர் இழைகள் அறுந்திருந்தால் வெட்டிவிட்டுப் புது வளையம் போடுவதே சரி. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

வேலை பலித்ததா என்று பார்க்க ஓம் மீட்டரை நம்பக் கூடாது. இருபது இழையில் ஒன்றே மிஞ்சியிருந்தாலும் அது நல்லது என்றே சொல்லும். சுமை ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். பாட்டரியை மாட்டி, விளக்கையும் வைப்பரையும் ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைத் துடைத்த வளையத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்னொரு இடத்தில் துரு இருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு தடித்த ஒயரைப் பாட்டரியின் எர்த் முனையிலிருந்து நேரே அந்த இடத்துக்குத் தொடுத்துப் பார்க்கலாம். தொட்டதும் வைப்பர் வேகம் எடுத்தால் திருடன் அகப்பட்டான்.

கண்ணாடி ரப்பரை மாற்றாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மல்லாந்து படுக்க வேண்டியதுதான். மறுநாள் ஸ்பீடாமீட்டர் முள் மட்டும் அசையாமல் கிடந்தால் எர்த்தை மறுபடி நோண்ட வேண்டாம். கேபிளின் சதுர முனை துளையில் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.